சோடா குடித்தவரின் கிளாஸ்

போன வாரம் அபிராமி போன் செய்தாள். நான் வேலையை விட்ட பிறகு என் இடத்துக்கு வந்த பெண். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்த நேரம். ஒரு கையில் தெர்மாமீட்டரும் ஒரு கையில் போனுமாகத்தான் பேசினேன்.

"அக்கா, ஒரு சந்தேகம். நம்ம கஸ்டமர் ஒருத்தர் தவறிட்டாரு. அவரு கிளாஸ எடுத்துக்கிட்டு கருமாதிக்குப் போவணும்னு சமையல்காரர் சொல்றாரு. பாஸ் அதெல்லாம் பழைய பழக்கம், பப்புக்குச் சரிவராதுங்கிறாரு. நான் என்னா செய்யறது?"

"போகணும்" என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. இவள் போய் அங்கே ஏதாவது ஆகிவிட்டால் நான் சொல்லித்தானே போனாள் என்று ஆகும். "அப்புறம் சொல்றேன்" என்றேன். "எழுதி அனுப்புங்கக்கா, பாஸ்கிட்ட காட்டறேன்" என்றாள். அதனால் எழுதுகிறேன். நான் வேலை பார்த்த இடத்தைப் பற்றி இப்படி உட்கார்ந்து எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் ஊரில் உப்பளம் என்கிற பகுதியில், பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருக்கிற ஒரு பார் அது. கீழே பார் ஹால், மாடியில் சாப்பாட்டு அறை. நாங்கள் எல்லோரும் 'கடை' என்றுதான் சொல்வோம். என் மாமியார் வீட்டில் உறவுக்காரர்களிடம் "ஓட்டல்ல மேனேஜர்" என்று சொல்லிவைத்திருந்தார்கள். மாடியில் சாப்பாடு போட்டதால் அது பொய்யும் இல்லை. பாப்பாவைப் பள்ளியில் சேர்க்கப் போகும்போது கேட்டால் நானும் ஓட்டல் என்றுதான் சொல்வேனோ என்னவோ. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நான் வரலாறு எம்.ஏ. படித்தவள். ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. கடைச் சுவரில் மாட்டுவதற்கு, இந்தப் பக்கத்துக் குடிக்கடைகளின் வரலாற்றை எழுதித்தர ஆள் வேண்டும் என்று முதலாளியம்மா தேடினார்கள். அதற்காகப் போனவள், எழுதி முடிப்பதற்குள் ஹால் மேனேஜர் ஆகிவிட்டேன். முதல் வருஷம் முழுவதும் கண்ணாடி கிளாஸ் கழுவுவதைப் பார்ப்பது, பெக் அளவு பிசகாமல் ஊற்றுகிறார்களா என்று பார்ப்பது, முகங்களைப் பெயரோடு ஞாபகம் வைப்பது. வேறு பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கிளாஸை உப்பும் எலுமிச்சைத் தோலும் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, கவிழ்க்காமல் சாய்த்து வைக்க வேண்டும். கவிழ்த்தால் உள்ளே வாடை நின்றுவிடும். இன்றைக்கும் பாப்பாவின் பால் பாட்டிலை நான் சாய்த்துத்தான் காய வைக்கிறேன்.

முதலாளியம்மாவை எல்லோரும் 'மதாம்' என்று கூப்பிடுவார்கள். அவர்களுடைய வீட்டுக்காரர் குடும்பத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவர்கள் அதிகம். அந்த வழக்கம். வீட்டுக்காரர் இறந்த பிறகு லைசென்ஸ் இவர்கள் பெயருக்கு வந்தது. மதாம் கல்லாவில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கவுன்டரின் கடைசி முனையில், ஐஸ் பெட்டியில் முழங்கையை ஊன்றி நிற்பார்கள். ஐஸ் விஷயத்தில் மகா கஞ்சம். மத்தியானத்தில் சமையல்காரரோடு சீட்டாடினால் அழுகுணி ஆட்டம்தான். ஆனால் குடிக்க வந்தவர் யாரையும் அவர்கள் அதட்டி நான் கேட்டதில்லை.

ஒருவருக்குப் போதும் என்று தோன்றினால் மதாம் அதை வாயால் சொல்ல மாட்டார்கள். சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்கள். சின்னக் கிண்ணத்தில் சூடாக மிளகு ரசம் வரும். ரசம் வந்துவிட்டால் அந்த மேசைக்கு அதற்கு மேல் ஊற்றக்கூடாது. புதிதாக வந்தவர்கள், "நான் ரசம் கேக்கலியே" என்பார்கள். பக்கத்து மேசைக்காரர், "கேட்டா குடுக்க மாட்டாங்க சார், பாத்துக் குடுப்பாங்க. குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்று சொல்வார். சண்டை வந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரசத்தை மதாம் மேலேயே ஊற்றியவரும் உண்டு. மறுநாள் வந்து காலில் விழப் போனார். "விழாதீங்க, எழுந்திருக்க முடியாது" என்றார்கள் மதாம்.

வரலாறு கேட்கத் தொடங்கியபோது ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இந்த இடம் வெறும் கொட்டகை, மரப் பீப்பாயில் பட்டைச் சாராயம், கப்பல் மாலுமிகள் மணலில் உட்கார்ந்து குடிப்பார்கள் என்றார் ஒருவர். இல்லை, அப்போதே மேசை நாற்காலி போட்டிருந்தார்கள், சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்து ஆட்கள், தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள் என்றார் இன்னொருவர். வெள்ளைக்காரன் போன பிறகு கடை படுத்துவிட்டது என்று இரண்டு பேரும் சொன்னார்கள். தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலத்தில்தான் எழுந்து உட்கார்ந்ததாம். கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து, கடைசி பஸ்ஸுக்குள் அவசர அவசரமாகக் குடித்துவிட்டு ஓடுவார்களாம். "அவனுங்க குடிக்க வரல, ரொப்பிக்கினு போவ வந்தானுங்க" என்றார் கடைக்குத் தினமும் வருகிற வைத்திக்குப்பத்துத் தேசிங்கு அண்ணன். அதற்குப் பிறகு சனி ஞாயிறில் கார் போட்டுக்கொண்டு வருகிற கூட்டம். இப்போது கடை மதாமின் மகன் கைக்கு, அதாவது அபிராமியின் பாஸ் கைக்கு வந்து, பாட்டும் உயர ஸ்டூலுமாகப் பப் ஆகிவிட்டது.

எதை நம்புவது என்று தெரியாமல் மதாமிடம் கேட்டேன். "பாதி பொய்யாத்தான் இருக்கும். அதையும் எழுது, யார் சொன்னாங்கன்னு கீழ போடு" என்றார்கள்.

எல்லோரும் ஒரே மாதிரி சொன்னது கிளாஸ் கதையை மட்டும்தான். ஒருவர் எச்சில் ஒருவருக்கு ஆகாது என்று இருந்த காலத்தில், அவரவர் வீட்டிலிருந்து அவரவர் டம்ளரைக் கொண்டுவந்து குடித்தார்கள். தினமும் எடுத்துப்போகச் சோம்பல்பட்டுக் கடையிலேயே விட்டார்கள். அந்தக் காலம் போய்விட்டது, இப்போது ஒரே தட்டில் கடலையை அள்ளித் தின்கிறார்கள். ஆனாலும் நாள்பட வருகிறவருக்குத் தனி கிளாஸ் என்பது மட்டும் நின்றுவிட்டது. அடியில் நகப்பூச்சால் அடையாளம் போட்டிருக்கும். ஒருவருக்கு மீன், ஒருவருக்கு நட்சத்திரம். அவர் இறந்துபோனால் அந்த கிளாஸில் கடையில் வேறு யாருக்கும் ஊற்றக்கூடாது. பதினாறாம் நாள் கருமாதிக்கு, அவர் எதைக் குடித்தாரோ அதில் ஒரு குவாட்டரும் அந்த கிளாஸும் படையலில் வைக்கச் சொல்லிக் கடையிலிருந்து வீட்டுக்குப் போகும். சில வீடுகளில் அழுதுகொண்டே வாங்கிக்கொள்வார்கள். சில வீடுகளில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கிக்கொள்வார்கள். திருப்பி அனுப்பியவர்கள் யாரும் கிடையாது, மாணிக்கம் ஐயா போகும் வரைக்கும்.

மாணிக்கம் ஐயா மில்லில் வேலை பார்த்து, மில் மூடியதும் வீட்டோடு இருந்தவர். நெல்லித்தோப்பிலிருந்து தினமும் சாயங்காலம் சைக்கிளில் வருவார். தேசிங்கு அண்ணன் மேசையில் உட்காருவார். அவர் கிளாஸுக்கு அடியில் சக்கரம் போட்டிருக்கும். அதில் அவர் குடித்தது உப்பு சோடா. எலுமிச்சம்பழம் பாதி பிழிந்து, ஐஸ் இல்லாமல். வேறு ஒன்றையும் அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு முன்னால் இருந்தவர்களும் பார்த்ததில்லை.

ஒரு காலத்தில் ரொம்பக் குடித்தவராம். பெரிய மகனுக்கு உடம்பு முடியாமல் இருந்த ஒரு நாள், மருந்து வாங்கப் போனவர் வழியில் குடிக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டுக்கார அம்மாவிடம், இனிமேல் தொட மாட்டேன் என்று மகன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். அதோடு விட்டுவிட்டார்.

"அப்புறம் ஏங்க ஐயா இங்க வந்து உக்காருறீங்க? வீட்ல சந்தேகப்பட மாட்டாங்களா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாமோ என்று இருந்தது.

"படறாங்கம்மா" என்றார் சாதாரணமாக. "எனக்குத் தெரிஞ்சவன்லாம் இங்கதான இருக்கான். நான் வேற எங்க போவேன்? கோயிலுக்குப் போனா ஒருத்தனையும் தெரியல."

"நான் வந்து சொல்லட்டுமா?" என்றார்கள் மதாம், ஐஸ் பெட்டி பக்கத்திலிருந்து.

"வேணாம் மதாம். பார்க்காரங்க வந்து குடிக்கலன்னு சொன்னா, அப்பத்தான் நெசமா குடிச்சிருக்கேன்னு முடிவு பண்ணிடுவா" என்று சிரித்தார். "கூடத்துல பாய் போட்டுப் படுத்துக்கறேன். சோறு போடறா. பேசறதுதான் இல்ல. நான் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு வுட்டுட்டேன். அவளா ஒரு நாளு நம்புவா."

அந்த நாள் வருவதற்குள் போய்விட்டார். காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று தேசிங்கு அண்ணன் வந்து சொன்னார். நகரத்தில் ஒட்டியிருந்த அஞ்சலி போஸ்டரில் இருந்த போட்டோ பழையது. மீசை கறுப்பாக இருந்தது.

கருமாதிக்கு என்ன அனுப்புவது என்பதில் எனக்குத்தான் குழப்பம். சோடாவை எப்படிப் படையலுக்குக் கொண்டுபோவது? வெறும் கிளாஸ் போதாதா? மதாமுக்குக் குழப்பமே இல்லை. "என்னா குடிச்சாரோ அதக் குடு."

இன்னொரு குழப்பமும் இருந்தது. அப்போது எனக்கு ஐந்து மாதம். பிள்ளைத்தாய்ச்சிகள் கருமாதி வீட்டுக்குப் போகக்கூடாது என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வயிற்றில் ஒன்று இருக்கும்போது, நம்பிக்கை இல்லை என்று துணிந்து சொல்லவும் பயமாக இருந்தது. வாசலோடு நின்று கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாமியாரிடம் சொல்லவில்லை. தேசிங்கு அண்ணன், குளித்துத் தலைவாரி, தோளில் வெள்ளைத் துண்டோடு, சோடா பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார்.

வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். கதவு திறந்திருந்ததால் படையல் தெரிந்தது. இலை, வடை, பழம், வேட்டி துண்டு, நடுவில் போட்டோ. போட்டோவுக்கு முன்னால் ஒரு பிராந்தி பாட்டில். நல்ல விலையுள்ளது, அட்டைப்பெட்டியோடு. மூத்த மகன் ஆசையாக வாங்கி வைத்திருந்தது.

மகன் வெளியே வந்தார். நான் கிளாஸை நீட்டி, கடையின் வழக்கத்தைச் சொன்னேன். தேசிங்கு அண்ணன் சோடா பாட்டிலை நீட்டினார்.

மகன் முகம் மாறிவிட்டது. "என்னாங்க இது? சாவு வூட்ல வந்து கிண்டல் பண்றீங்களா? எல்லாருக்கும் பிராந்தி அனுப்புவீங்களாம், எங்கப்பனுக்குச் சோடாவா?"

"தம்பி, அவன் குடிச்சதே சோடாதான்" என்றார் தேசிங்கு அண்ணன். "மாணிக்கம் குடிக்கலப்பா. சத்தியத்த மீறல."

அப்போது கதவுக்குப் பக்கத்தில் தொங்கிய சேலைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "வாசல்ல நிக்கிறது புள்ளத்தாச்சி பொண்ணுதான? அதுக்கு ஒரு நாற்காலி போடுடா. ஏம்மா, நீ உள்ள வராத. நானும் வெளிய வரமாட்டேன். இன்னிக்கு எம்மூஞ்சில நீ முழிக்கக்கூடாது."

மாணிக்கம் ஐயாவின் வீட்டுக்கார அம்மா. தனலட்சுமி என்று பெயர். என் பிள்ளைக்காக அந்தம்மா தன்னை மறைத்துக்கொண்டு நின்றார்கள். திரையைப் பார்த்தே பேசினேன். "அம்மா, அவரு சொல்றது உண்மை. ஐயா அங்க ஒரு நாளும் குடிச்சதில்ல."

"குடிகாரனுக்குக் குடிகாரன் சாட்சி. கடைக்காரி நீயும் சாட்சி" என்றது குரல். கோபமே இல்லை. "சட்டை நாறுச்சேம்மா. தெனம் நாறுச்சு. தோய்ச்சவ நானு. வாய் பொய் சொல்லும், துணி சொல்லுமா? அவரு ஆசப்பட்டத வச்சிப் படைக்கிறான் புள்ள. வுட்டுடுங்க. போய்ட்டாரு, இனிமே என்னா."

மகன் கிளாஸை வாங்கவில்லை. எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம்.

திரும்பி வந்த கிளாஸை மதாம் அலமாரியில் வைக்கச் சொல்லவில்லை. ஐஸ் பெட்டி மேல், தன் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். எனக்கு இரண்டு நாள் இதே நினைப்புதான். பொய் சொன்னவர் என்ற பெயரோடு ஒரு மனுஷன் போட்டோவில் இருக்கிறார். பிராந்தி குடிக்காதவருக்குப் பிராந்தி படைத்துவிட்டார்கள். இதை எப்படிச் சரிசெய்வது? ஆனால் அந்தம்மா சொன்னதும் பொய்யாக இருக்க முடியாது. சட்டை நாறாமலா சொல்வார்கள்? ஒருவேளை நமக்குத் தெரியாமல் வேறு எங்காவது குடித்தாரோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

தேசிங்கு அண்ணனுக்கு ரசம் குடித்த பிறகும் கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்காது. மாணிக்கம் ஐயாதான் அவரை வைத்திக்குப்பம் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போய் விட்டுவிட்டு, அப்புறம் நெல்லித்தோப்புக்குப் போவார். இப்போது அந்த வேலை எங்கள் சர்வர் செல்வத்துக்கு வந்தது. கருமாதி முடிந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தவன், வந்ததும் வராததுமாகச் சட்டையைக் கழற்றி உதறினான்.

"ஐய, இந்தாளு துண்டு இருக்கே! மேசைல சிந்தறதெல்லாம் அதுலதான் தொடைக்கிறாரு. அத்தோட நம்ம தோள்மேல சாஞ்சா என்னா ஆவும்? நானே ஒரு சாராயக்கடை மாதிரி நாறுறேன். இப்ப வூட்டுக்குப் போனா எங்கம்மா வௌக்கமாத்த எடுக்கும்."

நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் யாருக்கும் அந்த வாடை அதுவரை தெரிந்ததே இல்லை. நாங்கள் தினமும் அதற்குள்ளேயே நின்றுகொண்டிருந்தோம்.

மதாமிடம் சொன்னேன். "போன் பண்ணு" என்றார்கள். "நான் பண்ணினா பார்க்காரி. நீ பண்ணினா புள்ளத்தாச்சி."

அதற்கும் எனக்கு நாலு நாள் ஆயிற்று. போனில் 'மாணிக்கம் ஐயா சோடா' என்று பதிந்திருந்த நம்பரை எடுப்பேன், வைப்பேன். இறந்தவர் நம்பருக்குப் போன் செய்வதே ஒரு மாதிரி இருந்தது. மகன் எடுத்தால் என்ன சொல்வது? கடைசியில் அழைத்தபோது அந்தம்மாவே எடுத்தார்கள்.

"அன்னிக்கு வாசல்ல நின்ன பொண்ணா? நல்லா இருக்கியா? என்னா மாசம்?"

"ஆறு பொறந்துடுச்சும்மா."

"நல்லா நடக்கணும். உக்காந்துக்கினே இருக்கக்கூடாது."

"சரிம்மா." பிறகு, எழுதிவைத்து மனப்பாடம் செய்திருந்த எல்லாம் மறந்துபோய், "ஐயா சட்டை எந்தப் பக்கம்மா நாறும்?" என்று கேட்டுவிட்டேன்.

"இதென்னா கேள்வி?"

"நீங்கதான தோய்ச்சீங்க."

"எடது தோளு" என்றார்கள். "காலர்ல இருந்து கை மூட்டு வரைக்கும். அங்க மட்டும் ரெண்டு வாட்டி சோப்பு போடுவேன்."

"முன்னாடி? பட்டன் பக்கம்?"

பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"முன்னாடி வேர்வைதான்" என்றார்கள். குரல் இறங்கிவிட்டது. பிறகு அவர்களே கேட்டார்கள். "அன்னிக்குத் துண்டு போட்டுக்கினு ஒருத்தன் நின்னானே. அவன் தெனம் வருவானா?"

"சாயங்காலம் வருவாரும்மா."

போனை வைத்துவிட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம், விளக்குப் போடுகிற நேரத்துக்கு, கடை வாசலில் ஷேர் ஆட்டோவிலிருந்து தனியாக இறங்கினார்கள். பாரில் பெண்கள் வருவது புதிதில்லை, ஆனால் அவர்கள் எல்லாம் வெளியூர்ப் பெண்கள். வெளுத்த சேலையில், குங்குமம் இல்லாத நெற்றியோடு ஒரு நெல்லித்தோப்பு அம்மா உள்ளே வந்ததும், தலைமையாசிரியர் வந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது ஹால். ஒருவர் கிளாஸை மேசைக்கு அடியில் வைத்தார். ஒருவர் அவித்த முட்டையை வாயில் போட்டு மெல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் எதிரில் போனேன். அந்தம்மா சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். "எதிர்க்க வராதடி பொண்ணே."

நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "பாத்துட்டேன்மா. ஒண்ணும் ஆவாது" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். பிரசவம் முடிகிற வரைக்கும் அதை நினைத்து நினைத்துப் பயந்ததும் நிஜம். பாப்பா நல்லபடியாகத்தான் பிறந்தாள்.

"தேசிங்கு யாரு?" என்றார்கள்.

தேசிங்கு அண்ணன் எழுந்தார். துண்டை எடுத்து அக்குளில் செருகிக்கொண்டார்.

"அவரு ஒன்ன எப்டிக் கூட்டிக்கினு போவாரு? காட்டு."

"சைக்கிள இந்தாண்ட புடிச்சிக்குவான்" என்று அவர் தன் வலது பக்கத்தைக் காட்டினார். "நான் அந்தாண்ட, அவன் எடது தோள்ல சாஞ்சிக்குவேன்." சொல்லிவிட்டு, பக்கத்தில் மாணிக்கம் ஐயா நிற்கிற மாதிரியே காற்றில் லேசாகச் சாய்ந்து காட்டினார்.

"எத்தினி வருஷமா?"

"மில்லு மூடனதுல இருந்தும்மா. எனக்குதான் வூட்ல யாரும் இல்லியே. கொண்டாந்து படுக்க வச்சி, வெளக்க அணைச்சி, கதவச் சாத்திட்டுப் போவான்."

அந்தம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"அப்ப இத்தினி வருஷமா ஒன் நாத்தத்தயாடா நான் தோய்ச்சேன்?"

முதலில் சிரித்தது மதாம். அவர்கள் சத்தமாகச் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. பிறகு செல்வம். பிறகு ஹால் முழுவதும். முட்டைக்காரருக்குப் புரையேறிவிட்டது. அந்தம்மாவும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள், எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தேசிங்கு அண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"அமாவாசைக்குப் படைக்கணும்" என்று அந்தம்மா மதாமைப் பார்த்துச் சொன்னார்கள். "அந்த பிராந்திய எடுத்து வீசிட்டேன். கிளாஸக் குடுங்க. அவரு குடிச்சது என்னா சோடா? கலரா, பன்னீரா?"

"உப்பு சோடா" என்றார்கள் மதாம். "எலுமிச்சம்பழம் பாதி புழிஞ்சி."

"உப்பா?" என்று அந்தம்மா ஒரு அடி முன்னால் வந்தார்கள். "பிரஷர் மாத்திரை சாப்புடற மனுஷனுக்கு உப்பா குடுத்தீங்க? நான் வூட்ல உப்பில்லாம ஆக்கிப் போட்டா, இங்க வந்து தெனம் உப்பு சோடாவா? ஒருத்தருக்காச்சும் புத்தி வாணாம்?"

ஹாலில் இருந்த அத்தனை பேரும் மேசையைப் பார்த்தார்கள். நானும்தான். எனக்கு அவருக்கு பிரஷர் என்று தெரியாது. தெரிந்திருக்க வேண்டுமோ என்று இன்றைக்கும் யோசிப்பேன். ஆனால் அந்தம்மா திட்டத் திட்ட, மாணிக்கம் ஐயாவே பக்கத்தில் உட்கார்ந்து திட்டு வாங்குகிற மாதிரி எல்லோர் முகத்திலும் ஒரு சந்தோஷம் இருந்தது. வீட்டில் இத்தனை வருஷமாக அவரோடு பேசாமல் விட்டதை எல்லாம் சேர்த்து அங்கே பேசினார்கள்.

பேசி முடித்ததும் செல்வம் கிளாஸை நன்றாகத் துடைத்துக் கொண்டுவந்தான். தேசிங்கு அண்ணன் அன்றைக்கு இன்னும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. கையை நீட்டிக் கிளாஸை அவர் வாங்கிக்கொண்டார்.

"வூடு வரைக்கும் நான் கொண்டாந்து வுடறேன்மா" என்றார்.

"எம்மேல சாயாம வர்றதுன்னா வா" என்று சொல்லிவிட்டு அந்தம்மா முன்னால் நடந்தார்கள்.

நாங்கள் வாசலுக்கு வந்து பார்த்தோம். ஷேர் ஆட்டோவுக்கு அவர்கள் நிற்கவில்லை. இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு தேசிங்கு அண்ணன் பின்னால் போனார். அவர் அவ்வளவு நேராக நடந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.